இரண்டு பார்வைகளுக்கு நடுவில்

நேப்பிள்ஸ் நகரத்துக்கு மேற்கே கடலை ஒட்டி இருக்கிறது பொஸ்ஸுவோலி. ஊருக்கு நடுவே, தெரு மட்டத்துக்குக் கீழே, ரோமானியர் காலத்துச் சந்தை ஒன்றின் இடிபாடு கிடக்கிறது. 1750-ல் அங்கே செராபிஸ் தெய்வத்தின் சிலை அகப்பட்டதால் வெகுகாலம் அதைக் கோயில் என்றே எண்ணியிருந்தார்கள். மூன்று பளிங்குத் தூண்கள் மட்டும் இன்னும் விழாமல் நிற்கின்றன. அடியிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் வரை தூண் வழவழப்பாக இருக்கிறது. அதற்கு மேல் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்துக்குப் பளிங்கு முழுக்கப் பொத்தல். கல்லைக் குடைந்து அதற்குள்ளேயே குடியிருக்கும் ஒருவகைக் கடற்சிப்பி போட்ட துளைகள் அவை. சிப்பி தூணேறி வந்திருக்காது. தூண்தான் கடலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்ததால் சிப்பியிடமிருந்து தப்பியது. பிறகு மொத்தமும் நின்ற வாக்கிலேயே தண்ணீரைவிட்டு மேலே வந்திருக்கிறது. சார்லஸ் லயல் தன்னுடைய நிலவியல் நூலின் முதல் தொகுதிக்கு, 1830-ல், இந்தத் தூண்களையே முகப்புப் படமாக வைத்தார். நிலம் ஏறும், இறங்கும், அதையும் ஒரு தூண்கூடச் சாயாத நிதானத்தில் செய்யும் என்பதற்கு அவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

ஊர் உட்கார்ந்திருப்பதே ஓர் எரிமலைக்குள். காம்பி ஃப்ளெக்ரே என்று பெயர். கூம்பு வடிவத்தில் நிமிர்ந்து நிற்கும் மலை இல்லை. பல கிலோமீட்டர் அகலத்துக்குச் சரிந்துபோன பெரும் பள்ளம். அதற்குள் வீடு, பள்ளிக்கூடம், துறைமுகம், ரயில் எல்லாம் இருக்கின்றன. 1538 செப்டம்பர் கடைசியில் கரை மேலெழும்பி, கடல் பின்வாங்கி, மீன்கள் தரையில் கிடந்ததாகவும் ஊரார் அவற்றை அள்ளிக்கொண்டு போனதாகவும் அக்காலத்து வர்ணனைகள் சொல்கின்றன. அடுத்து பூமி பிளந்தது. ஒரு வாரத்துக்குள் ஒரு புதுக்குன்று எழுந்து நின்றது. மோன்டே நுவோவோ, அதாவது புதுமலை என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அதே ஊர் 1982 முதல் 1984 வரை மறுபடி சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. துறைமுகத்தில் தண்ணீர் வற்றிப் படகுகள் தரைதட்டின. வீடுகள் விரிசல் விட்டன. 40,000 பேர் வரை இடம்பெயர்க்கப்பட்டார்கள். அவர்களுக்காக மோன்டெருஷெல்லோ என்ற புதுக்குடியிருப்பே கட்டப்பட்டது. எரிமலை வெடிக்கவில்லை. நிலம் வந்த வழியே மெல்லத் தணிந்தது. 2005-லிருந்து திரும்பவும் ஏறிக்கொண்டிருக்கிறது. இதுவரை ஒரு மீட்டருக்கு மேல் ஏறியாயிற்று. 1538-ல் வீங்கிய நிலம் வெடித்தது, 1984-ல் வீங்கியது வெடிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சிப்பி எழுதிவைத்த கணக்கைப் படிக்கப் பல நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அதே கணக்கை 693 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 வரிசைச் செயற்கைக்கோள்களின் வேலைகளில் இதுவும் ஒன்று. 2014 ஏப்ரலில் முதலாவது ஏவப்பட்டது. இரண்டு கோள்கள் ஒரே சமயத்தில் வேலை செய்யும் காலங்களில் ஆறு நாளுக்கு ஒருமுறை.

ரேடார் செயற்கைக்கோள் புகைப்படம் எடுப்பதில்லை. தானே நுண்ணலைகளைச் சாய்வாகத் தரைக்கு அனுப்பி, பட்டுத் திரும்புவதைப் பதிவுசெய்கிறது. அதற்குச் சூரியன் வேண்டாம், மேகமும் தடையில்லை. வெப்பமண்டலத்து எரிமலைகள் பாதி நாள் முகத்தைக் காட்டுவதே கிடையாது என்பதால் இது சாதாரண வசதியல்ல. திரும்பி வரும் அலையில் இரண்டு செய்திகள் இருக்கும். எவ்வளவு வலுவாக வந்தது என்பது ஒன்று. தன் ஏற்றத்திலும் இறக்கத்திலும் எந்த நிலையில் இருந்தபோது வந்து சேர்ந்தது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைக் கட்டம் என்கிறார்கள். ஒற்றைப் படத்தில் கட்டம் வெறும் குப்பை. ஒரு புள்ளிக்குள் அடங்கும் கல், மண், கூரை, வேலி எல்லாம் தத்தம் போக்கில் அலையைத் திருப்பியனுப்ப, அத்தனையும் கலந்து வரும் தாறுமாறான எண் அது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பன்னிரண்டு நாள் கழித்து அதே பாதையில், அதே கோணத்தில் வந்து இன்னொரு படம் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் குப்பை குப்பையோடு போய்விடும். கோளின் பாதை இரண்டு முறையும் இம்மி பிசகாமல் இருக்காது என்பதால் மலையின் மேடுபள்ளமும் இதில் கொஞ்சம் கலந்து வரும். கையில் இருக்கும் உயர வரைபடத்தைக் கொண்டு அதையும் கழித்துவிடுகிறார்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் சுற்றி, பூமியின் பெரும்பகுதிக்கு அந்த வரைபடத்தை எடுத்துத் தந்தது. எல்லாக் கழித்தலும் முடிந்த பிறகு, நடுவே தரை நகர்ந்த தூரம் மிஞ்ச வேண்டும்.

மிஞ்சுவது வண்ண வளையங்களாகத் தெரியும். மழை பெய்த சாலையில் பெட்ரோல் சிந்திய இடத்தில் காண்பதைப் போன்ற வளையங்கள். அடிப்படையில் அங்கே நடப்பதும் இதே அலைக்குறுக்கீடுதான். சென்டினலின் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். அலை போய்த் திரும்புவதால் ஒரு முழு வண்ணச்சுற்று அதில் பாதிக்குச் சமம், அதாவது 2.8 சென்டிமீட்டர். படத்தின் ஓரத்தில், எதுவும் அசையவில்லை என்று நம்பக்கூடிய ஓர் இடத்திலிருந்து உள்நோக்கி எண்ணிக்கொண்டு வர வேண்டும். ஐந்து வளையம் தாண்டி நடுப்பகுதிக்கு வந்தால் அந்த இடம் கோளை நோக்கியோ கோளைவிட்டு விலகியோ 14 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது. நோக்கியா விலகியா என்பதை வண்ணங்களின் வரிசை சொல்லும். நேர் மேலாகவா, சாய்வாகவா என்பதை ஒரு படம் சொல்லாது. எதிர்த்திசையில் பறக்கும்போது எடுத்த படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோள்கள் துருவத்திலிருந்து துருவத்துக்கு ஓடுவதால், தரை வடக்கு தெற்காக நகர்ந்தால் அவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. இருநூற்றைம்பது கிலோமீட்டர் அகலத்தை ஒரே வீச்சில் அளக்கிற கருவிக்கு இப்படி ஒரு குருட்டுத் திசை இருப்பதை எரிமலைப் படங்களைக் காட்டும் செய்திகள் சொல்வதேயில்லை.

என்னை இந்த விஷயத்தில் பிடித்து நிறுத்தியது இந்தக் கழித்தல்தான். வளையப் படத்துக்கு மலையின் உயரம் தெரியாது, வயது தெரியாது, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. போன தடவை வந்ததற்கும் இந்தத் தடவை வந்ததற்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்பது மட்டுமே தெரியும். அதையும்கூட, இடம் அடையாளம் தெரிகிற அளவுக்குப் பழையபடியே இருந்தால்தான் சொல்லும். காட்டில் இலைகள் அசைந்து, உதிர்ந்து, துளிர்த்துவிட்டால் இரண்டு படங்களும் ஒன்றோடொன்று பேசாது. அந்தப் பகுதி முழுவதும் மணல் தூவிய மாதிரிப் புள்ளிகளாகிவிடும். பனி பெய்தாலும் அப்படித்தான். புதுக் குழம்பு வழிந்து மூடிய இடமும் அப்படித்தான். தரை கிழிந்து ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே மீட்டர் கணக்கில் பெயர்ந்துபோனால் வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கி எண்ண முடியாமல் குழம்பிவிடும். எந்த இடத்தைப் பற்றி நமக்கு மிகவும் தெரியவேண்டியிருக்கிறதோ அந்த இடத்தில் படம் வாயடைத்துப் போகும்.

இந்த வித்தைக்குப் பெயர் வாங்கித் தந்தது முதலில் எரிமலை அல்ல, ஒரு நிலநடுக்கம். 1991 ஜூலையில் ஏவப்பட்ட ஈ.ஆர்.எஸ்.-1 கோளின் படங்களைக் கொண்டு, 1992 ஜூன் 28 அன்று கலிஃபோர்னியாவில் நடந்த லாண்டர்ஸ் நிலநடுக்கத்தின் பெயர்ச்சியை பிரெஞ்சு விண்வெளி முகமையைச் சேர்ந்த திதியே மஸ்ஸொனேயும் சகாக்களும் வளையங்களாக வரைந்து காட்டினார்கள். 1993-ல் 'நேச்சர்' இதழ் அந்தப் படத்தை அட்டையில் போட்டது. இரண்டே ஆண்டில் மஸ்ஸொனே, பியேர் பிரியோல் முதலியோர் அதே முறையை எட்னா எரிமலைமேல் வைத்துப் பார்த்தார்கள். எட்னா 1991 டிசம்பரில் தொடங்கி 473 நாள் விடாமல் குழம்பைக் கக்கியிருந்தது. சஃபெரானா என்ற ஊரின் வாசல்வரை குழம்பு வந்து நின்றது. உள்ளிருந்த சரக்கு வெளியேறியதால் மலை முழுவதுமே வயிறு ஒட்டி இறங்கியிருக்கிறது என்பதை விண்ணிலிருந்து பார்த்ததாக அவர்களின் 1995 கட்டுரை சொன்னது. எரிமலை மூச்சு விடுவதை முதன்முதலாக வெளியிலிருந்து பார்த்துவிட்டோம் என்று உலகம் கொண்டாடியது.

பிறகு வந்தது காற்று.

நுண்ணலை மேகத்தை ஊடுருவும் என்பது உண்மை. ஆனால் காற்றிலிருக்கும் நீராவி அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். தாமதமாக வந்த அலையும், தூரம் கூடிவிட்டதால் தாமதமான அலையும் கோளுக்கு ஒன்றுதான். இரண்டு நாள்களுக்கு நடுவே ஈரப்பதம் 20 சதவீதம் மாறினால் 10 சென்டிமீட்டர் அளவுக்குப் பொய் நகர்வு தோன்றலாம் என்று 1997-ல் ஹோவர்ட் செப்கரும் உடன் உழைத்தவர்களும் கணக்கிட்டுக் காட்டினார்கள். சமவெளியில் இந்தப் பொய் தாறுமாறாகப் படர்ந்து கிடக்கும், கண்டுபிடித்துவிடலாம். மலையில் இதன் சூழ்ச்சியே வேறு. மூவாயிரம் மீட்டருக்கு மேல் நிற்கும் மலையின் உச்சிக்கு மேலே இருக்கும் காற்று குறைவு, அடிவாரத்துக்கு மேலே இருப்பது அதிகம். ஆகவே ஈரப்பதம் மாறும்போது அடிவாரம் அதிகமாகவும் உச்சி குறைவாகவும் பாதிக்கப்படும். விளைவாக வரும் வளையங்கள் மலையின் வடிவத்தையே சுற்றி அழகாக அமையும். பார்ப்பவருக்கு மலை வீங்கிவிட்டது, அல்லது சுருங்கிவிட்டது என்றே தோன்றும்.

2000-ல் ஒரு கட்டுரை வந்தது. எட்னாவைச் சுற்றித் தெரிந்த அந்த மலையளவு வளையங்கள் நில நகர்வா, காற்றின் வேலையா என்று தலைப்பிலேயே கேட்டது அது. 1992 முதல் 1998 வரையான படங்களை வரிசையாக எடுத்துப் பார்த்து, வளையங்களில் பெரும்பங்கைக் காற்றே உண்டாக்கியிருக்க முடியும் என்று காட்டியது. எழுதிய மூவரில் ஒருவர் பியேர் பிரியோல். ஐந்து ஆண்டுக்கு முன் எட்னா சுருங்கியதைக் கண்டதாக எழுதியவர்களில் ஒருவரான அதே பிரியோல். விஞ்ஞான வரலாற்றில் கண்டுபிடிப்புகளைவிட இந்த மாதிரித் திரும்பிப் பார்த்தல்கள்தாம் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. இதற்கு விருதும் கிடையாது, இதழ் அட்டையும் கிடையாது. ஆனால் இன்று இந்தத் துறையில் ஒரு வளையத்தை நம்புவதற்கு முன் அன்றைய வானிலைத் தரவைத் தேடி எடுத்து, ஒன்றுக்குப் பதில் நூறு படங்களை அடுக்கி, காற்று தற்செயலாக மாறும் நிலம் விடாமல் ஒரே பக்கம் போகும் என்ற நம்பிக்கையில் சராசரி போடும் வழக்கம் வந்ததற்கு இப்படிப்பட்டவர்கள்தாம் காரணம்.

இதே கருவி ஆண்டிஸ் மலைத்தொடருக்குப் போனபோது கதை வேறு மாதிரி ஆயிற்று. அங்கே மழை குறைவு, மரம் கிடையாது; ரேடாருக்கு அதைவிடத் தோதான தரை இல்லை. மத்திய ஆண்டிஸில் ஏறத்தாழ 900 எரிமலைகளை மாத்யூ பிரிட்சார்டும் மார்க் சைமன்ஸும் பழைய படங்களை வைத்தே சலித்தெடுத்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. நான்கு இடங்களில் நிலம் அசைந்துகொண்டிருந்தது. நான்கில் ஒன்றுகூட அதுவரை இயங்கும் எரிமலை என்று எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. எல்லோரும் கண்வைத்திருந்த மலைகள் சும்மா இருந்தன. யாரும் பார்க்காதவை வீங்கிக்கொண்டிருந்தன.

அந்த நால்வரில் பெயர்பெற்றது பொலிவியாவின் உட்டுருங்கு. 6,008 மீட்டர் உயரம். கடைசியாக வெடித்து இரண்டரை லட்சம் ஆண்டு ஆகிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அணைந்த மலை. அதன் அடியில் 70 கிலோமீட்டர் குறுக்களவுக்கு நிலம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் ஏறுகிறது. அதைச் சுற்றி ஒரு வளையமாக நிலம் இறங்கவும் செய்கிறது. பத்திரிகைகள் உடனே அதைச் செத்தும் சாகாத பிசாசாக்கிவிட்டன. பல ஆண்டு ஆய்வுக்குப் பின் 2025-ல் வெளியான ஒரு கட்டுரை, ஆழத்துக் குழம்பிலிருந்து மேலேறும் வாயுவும் சூடான நீரும்தான் அங்கே நடமாடுகின்றன, வெடிக்கும் வாய்ப்பு குறைவு என்கிறது. பிசாசுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தச் செய்திக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மூன்று சகோதரிகள் என்று மூன்று எரிமலைகள் உண்டு. 2001-ல் அவற்றில் தென்திசைச் சகோதரிக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர் தள்ளி, 1996-க்கும் 2000-க்கும் நடுவில் தரை 10 சென்டிமீட்டர் வரை உயர்ந்திருப்பதை அமெரிக்க நிலவியல் துறையின் சார்ல்ஸ் விக்ஸ் வளையப் படத்தில் கண்டார். அதன் மேலே நடந்து திரிந்த மலையேறிகள் ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிய பத்து சென்டிமீட்டரை எந்தக் கால் உணரும்? இன்றுவரை அங்கே வெடிப்பு எதுவும் இல்லை. கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கிலும் 2009-ல் இதே கதை: லோங்கோனோட், பாக்கா, மெனெங்காய், சுஸ்வா என்று நான்கு எரிமலைகள் தனித்தனிக் காலங்களில் ஏறியோ இறங்கியோ இருந்ததை ஜூலியட் பிக்ஸ் குழு கண்டது.

இந்த முப்பது ஆண்டு உழைப்பின் பயன் என்று நான் கருதுவது இதைத்தான். எரிமலை எப்போது வெடிக்கும் என்று சொல்வதற்கான கருவி இது என்றுதான் பொதுவாக நம்மிடம் விற்கப்படுகிறது. உண்மையில் அது தந்தது வேறு. உறங்கும் மலை, அணைந்த மலை என்று வகுத்து வைத்திருந்த பட்டியலைக் கலைத்துப் போட்டது. மலைகள் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் பல, எந்த வெடிப்பையும் நோக்கிப் போவதில்லை. குழம்பு கீழிருந்து ஏறும், பாதிவழியில் நிற்கும், குளிரும், உறையும். வெளியே வராத குழம்பைப் பற்றி நமக்குக் கதையே இருந்ததில்லை; வெடித்தவை மட்டுமே வரலாற்றில் இடம்பெற்றன.

இதற்கு எண்ணிக்கையும் இருக்கிறது. பதினெட்டு ஆண்டு முறையாகக் கவனிக்கப்பட்ட 198 எரிமலைகளை எடுத்துக்கொண்டு பிக்ஸும் சகாக்களும் 2014-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். நிலம் அசைந்தவை 54. அவற்றில் வெடித்தவை 25. அதாவது 46 சதவீதம். அசையாதவற்றில் 94 சதவீதம் வெடிக்கவில்லை. ஆய்வாளருக்கு இது வலுவான தொடர்பு. ஒரு மாவட்ட நிர்வாகிக்கு? வீங்கும் மலை வெடிக்குமா என்று கேட்டால், பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் குறைவு என்பது பதில். மிச்சமிருக்கும் அந்த 6 சதவீதமும் லேசானதில்லை. ஜப்பானின் ஒன்டாகே 2014 செப்டம்பர் 27 அன்று, இலையுதிர்காலத்து வண்ணம் பார்க்க மலையேறியவர்கள் உச்சியில் நின்றிருந்த நண்பகலில் வெடித்தது. எச்சரிக்கை விடும்படியான வீக்கம் எதுவும் முன்கூட்டித் தெரியவில்லை. 63 பேரை அது கொண்டுபோயிற்று.

பாலித் தீவின் ஆகுங் மலையில் 2017-ல் நடந்தது இந்தக் கணக்கின் நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை. 1963-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மலை அது. ஐம்பது ஆண்டுக்கு மேல் அடங்கியிருந்துவிட்டு, செப்டம்பரில் அதைச் சுற்றி நிலநடுக்கங்கள் கூடின. 22-ஆம் தேதி உச்சபட்ச எச்சரிக்கை. 1,40,000 பேர் வரை ஊரைவிட்டு வெளியேறினார்கள். மாடுகளை விட்டுவர மனமில்லாமல் பகலில் போய்த் தீவனம் போட்டுவிட்டு வந்தவர்கள் பலர். வாரங்கள் ஓடின. நடுக்கம் தணிந்தது. அக்டோபர் 29 அன்று எச்சரிக்கை ஒரு படி இறக்கப்பட்டது. நவம்பர் 21 அன்று மலை வெடித்தது.

அந்த வாரங்களில் மேலே சென்டினல் போய்வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் காடும் ஈரக்காற்றும் படத்தைக் குழப்பின. பின்னர் ஃபபியன் அல்பினோ, பிக்ஸ், இந்தோனேசியாவின் தேவி ஷாபானா ஆகியோர் காற்றின் பங்கைக் கவனமாகக் கழித்துப் பார்த்தபோது, ஆகுங்கின் வடக்குச் சரிவில் 8 முதல் 10 சென்டிமீட்டர் உயர்வு தெரியவந்தது. நடுக்கத்துக்குக் காரணமான குழம்பு ஆகுங்கின் நேர் அடியில் ஏறவில்லை. ஆகுங்குக்கும் பக்கத்து எரிமலை பாதூருக்கும் நடுவே நிலத்தடியில் செங்குத்தான தகடுபோல் புகுந்திருந்தது. இரண்டு மலைகளுக்கும் கீழே ஏதோ தொடர்பு இருக்கக்கூடும் என்பதற்கு அது தடயம். 2019-ல் கட்டுரை வெளிவந்தது. விஷயம் விளங்கியபோது ஊர்க்காரர்கள் எப்போதோ வீடு திரும்பியிருந்தார்கள்.

வீக்கத்திலிருந்து உள்ளே இருப்பதை ஊகிக்கும் கணக்கு இன்றும் 1958-க்குப் போய்த்தான் நிற்கிறது. ஜப்பானின் கியோ மோகி அந்த ஆண்டில் எழுதிய கட்டுரை, நிலத்தடியில் ஒரு சிறு உருண்டை, அதற்குள் அழுத்தம் கூடுகிறது அல்லது குறைகிறது என்று வைத்துக்கொண்டது. மேலே தரை எவ்வளவு அகலத்துக்கு வீங்குகிறது என்பதிலிருந்து உருண்டை எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லிவிடலாம். இயற்கையில் உருண்டையும் கிடையாது, சீரான பாறையும் கிடையாது. இருந்தும் கணக்கு பெரும்பாலும் பொருந்தித் தொலைக்கிறது. மோகி அதற்குப் பயன்படுத்திய தரவுகளில் முக்கியமானது சகுராஜிமா எரிமலையின் 1914-ஆம் ஆண்டு வெடிப்புக்குப் பின் காகோஷிமா விரிகுடாவைச் சுற்றி நில அளவையர் நடந்து நடந்து எடுத்த உயர அளவுகள். விரிகுடாவைச் சுற்றி நிலம் இறங்கியிருந்தது. குழம்பு இருந்த இடம் சுமார் 10 கிலோமீட்டர் ஆழத்தில் காலியாகியிருந்தது. அது இப்போது நிரம்பிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு 1.4 கோடி கன மீட்டர் வீதம் சேர்கிறது, 1914-ஐப் போன்ற இன்னொரு வெடிப்புக்குத் தேவையான அளவு சேர ஏறக்குறைய 130 ஆண்டு ஆகும் என்று ஜேம்ஸ் ஹிக்கி குழு 2016-ல் கணித்தது. கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சகுராஜிமாவில், கிழக்குப் பக்கத்து ஊரின் பள்ளியில், ஒரு கல் நட்டு வைத்திருக்கிறார்கள். 1914 ஜனவரியில் தரை அதிர்ந்துகொண்டே இருந்ததைப் பார்த்து ஊர்த்தலைவர் வானிலை நிலையத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சகுராஜிமா வெடிக்காது என்று பதில் வந்தது. பதிலை நம்பி இருந்தவர்களில் சிலர், 12-ஆம் தேதி மலை வெடித்தபோது பனிக்காலத்துக் கடலில் நீந்தித் தப்பப் பார்த்து மாண்டார்கள். பத்து ஆண்டு கழித்து, 1924-ல் நட்ட கல் அது. கோட்பாட்டை நம்பிக்கொண்டிராதே, வழக்கத்துக்கு மாறாக எதையாவது கண்டால் முதலில் கிளம்பத் தயாராகு என்பது அதன் சாரம். விஞ்ஞானத்தை நம்பாமைக்கு எழுப்பிய நினைவுக்கல் என்றே ஜப்பானியர் அதைச் சொல்கிறார்கள். நவீன எரிமலை அளவியல் பிறந்த அதே வெடிப்பில் பிறந்த கல்! வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல் சொல்வதும் ரேடார் செய்வதும் ஏறக்குறைய ஒன்று. நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிந்தால் அதைப் பொருட்படுத்து. காரணம் பிறகு வரட்டும்.

ஐஸ்லாந்தில் 2023 நவம்பர் 10 இரவு இதைச் சரியாகச் செய்தார்கள். கிரிண்டாவிக் மீன்பிடி ஊரின் அடியில் 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழம்பு தகடாகப் பாய்ந்தது. நள்ளிரவுக்குள் ஏறத்தாழ 3,800 பேரையும் வெளியேற்றிவிட்டார்கள். நடுக்கமானிகளும் தரைநிலையங்களும் இரவோடு இரவாகச் சொன்னதை அடுத்த நாள்களில் ரேடார் படங்கள் உறுதிப்படுத்தின: ஊரின் ஒரு பகுதி மீட்டர் கணக்கில் இறங்கியிருந்தது. முதல் வெடிப்பு டிசம்பர் 18-ல். ஜனவரி 14-ல் குழம்பு ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. அங்கே அது முடிந்ததற்குச் செயற்கைக்கோள் மட்டும் காரணமில்லை. நான்காயிரம் பேர் இருந்த ஊர், ஆளுக்கொரு கார், போய்த் தங்க நாற்பது நிமிட தூரத்தில் தலைநகரம், செலவைத் தாங்கும் அரசு. பொஸ்ஸுவோலியைச் சுற்றி எரிமலைப் பள்ளத்துக்குள்ளேயே லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள். 1970-ல் அந்த ஊரின் பழைய குன்றுக்குடியிருப்பான ரியோனே தெர்ராவை, நிலம் உயர்கிறதென்று காலி செய்தார்கள். வெடிப்பு வரவில்லை, அந்த மக்கள் தங்கள் வீடுகளுக்குத் திரும்பவும் முடியவில்லை. வெடிக்காத எரிமலையும் ஊரை அழிக்கும். வளையங்களின் எண்ணிக்கையில் அந்த அழிவு வராது.

படங்கள் யார் கையில் இருக்கின்றன என்பதும் ஒரு விஷயம். தொண்ணூறுகளில் ஒவ்வொரு படத்துக்கும் விலை இருந்தது. எந்த மலையைப் பார்ப்பது என்பதைப் பணம் தீர்மானித்தது. சென்டினலின் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம் என்று ஐரோப்பா முடிவெடுத்த பிறகுதான் எத்தியோப்பியாவிலும் இந்தோனேசியாவிலும் உள்ள ஆய்வாளர் தம் மலையைத் தாமே பார்க்க வழி பிறந்தது. 2025 ஜூலை 30 மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. ஏவூர்தி கொண்டுபோன நைசார் கோள் இந்த வரிசையில் அடுத்தது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது; 2,392 கிலோ எடை, 12 மீட்டர் அகல ஏந்தி, பன்னிரண்டு நாள் சுற்று. நாசா தந்த ரேடாரின் அலைநீளம் 24 சென்டிமீட்டர். இலைகளைத் தாண்டிக் கிளையையும் தரையையும் தொடக்கூடிய நீளம் அது. ஆகுங் போன்ற காட்டுமலைகளுக்காகவே காத்திருந்த அலை என்று சொல்லலாம். இஸ்ரோ தந்தது அதைவிடக் குறுகிய அலைநீளம் கொண்ட இன்னொரு ரேடார்.

இந்தியாவிலும் ஓர் இயங்கும் எரிமலை உண்டு என்பது நம்மில் பலருக்குப் பள்ளிப்பாடத்தோடு மறந்துபோன செய்தி. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில், அந்தமான் கடலில், பேரன் தீவு. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அடங்கிக் கிடந்துவிட்டு 1991-ல் எழுந்தது. அதன்பின் பலமுறை புகைந்தும் கக்கியும் இருக்கிறது. ஆள் வசிக்காத தீவு என்பதால் செய்தியாவதில்லை. இந்தோனேசியாவில் ஆள் வசிக்காத எரிமலைத் தீவான ஆனக் கிரகட்டாவின் ஒரு பக்கம் 2018 டிசம்பர் 22 இரவு கடலுக்குள் சரிந்தபோது எழுந்த அலை, எதிர்க்கரைகளில் நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது என்பதையும் சேர்த்தே இதை யோசிக்க வேண்டும். பேரன் தீவு அப்படிச் சரியும் என்று நான் சொல்ல வரவில்லை. பார்க்க வேண்டும் என்றே சொல்கிறேன். படங்கள் இலவசம், அவற்றைக் கழித்துப் பார்க்கும் மென்பொருளும் இலவசம், கணினி சுமாரானது போதும். நிலவியலும் தொலையுணர்வும் கற்பிக்கும் நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடி அலையும் மாணவர்கள் உண்டு. அவர்களில் யாராவது ஒருவர் இதை எடுத்துக்கொள்ளட்டும். காற்றைக் கழிக்க மட்டும் மறக்க வேண்டாம்.